தாக்கமும் போலியும்

பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைபவரைக் கலைஞர் எனலாமா? வின்சென்ட் வான்கோவின் வாழ்வு விடை கூறுகிறது.

1889இல் பிரான்சின் சான்-ரெமி மனநல மருத்துவமனையில் சேர்ந்த அவர், அங்கிருந்தபடி முன்னோடி ஓவியர் மில்லேயின் 21 படைப்புகளை மீண்டும் தீட்டினார். கண்முன் இருந்தவை கறுப்பு வெள்ளைப் படிகள், வண்ணம் அவருடையது. அவற்றுள் ஒன்று, 1890 ஜனவரியில் தீட்டிய 'முதல் அடிகள்'. தோட்டத்தில் தளர்நடையிடும் குழந்தை. கைகளை நீட்டி அழைக்கும் தந்தை. அப்போது தம்பி தியோவின் மனைவி நிறைமாதம். மணமாகாத அண்ணன், தம்பி வீட்டுக் குழந்தைக்குக் காத்திருந்த நாள்களின் ஓவியம் அது. அம்மாதம் 31ஆம் நாள் பிறந்த மகனுக்குப் பெரியப்பாவின் பெயரே சூட்டப்பட்டது.

மூலவர் மில்லே என்பதை வான்கோ மறைக்கவில்லை. பெற்றதை ஒப்பித் தம் நெஞ்சையும் சேர்ப்பது தாக்கம். பெற்றதை மறைத்துத் தமதென்பது போலி.