பழைய காரும் புளூடூத் கேசட்டும்

என்னுடைய பழைய மாருதி ஜென் காரில் கேசட் பிளேயர் இன்னும் பாடுகிறது. "கழற்றிட்டுப் புது ஸ்டீரியோ போட்டுடலாம்ப்பா" என்றான் மகன். எனக்கு மனம் வரவில்லை. மறைந்த என் மனைவி பாடிப் பதிந்த ஒரே கேசட்டைக் கேட்க, என்னிடம் வேறு கருவி இல்லை.

காரில் பாட்டு கேட்பது பழைய ஆசைதான். 1930-ல் அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்றது. 1963-ல் பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. அதன்பின் சிடி, பிறகு புளூடூத். இந்தப் பெயர் 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்ட் புளூடூத்திடமிருந்து வந்தது.

முதலில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால், போனில் ஓடும் பாட்டு கார் ரேடியோவில் கேட்கும். ஆனால் அதற்குக் காலி அலைவரிசை வேண்டும். சென்னையில் அது குதிரைக்கொம்பு. பாட்டோடு இரைச்சலும் வந்தது.

அடுத்து வாங்கியது புளூடூத் கேசட். பார்க்க சாதாரண கேசட்தான். உள்ளே டேப் கிடையாது, சின்ன பேட்டரி இருக்கிறது. போனிலிருந்து வரும் பாட்டைக் காந்த அலைவாக மாற்றி, பிளேயரின் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. டேப் ஓடுவதாகவே பிளேயர் நினைத்துக்கொள்கிறது! ஒரு ஒயரைக்கூட வெட்டவில்லை.

மகன் வந்தால் போனில் பாட்டு. தனியாகப் போனால் அவள் கேசட்.

டேப் ஒருநாள் அறுந்துவிடும். அதற்குள் அவள் குரலைப் போனிலும் ஏற்றிவிட வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு கேசட் இருந்தால், தள்ளிப்போடாதீர்கள்.