எட்டரை மணி மழைக்கணக்கு

மழையை அளந்து பார்க்கும் ஆசை மிகப் பழையது. கௌடிலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம் மழையின் அளவைத் துரோணக் கணக்கில் கூறுகிறது. கொரிய நாட்டில் 1441-ஆம் ஆண்டிலேயே மழைமானி செய்தனர். ஆயினும் அளப்பது வேறு. அளந்ததைப் பலரோடும் சேர்த்து வைத்துப் பார்ப்பது வேறு. இந்த இரண்டாவது வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றையே மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. விண்மீன்களைப் பார்க்க அமைந்த அந்த இடத்திலே வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் குறிக்கலாயினர். பிற மாகாணங்களும் தத்தம் போக்கில் குறித்து வந்தன. 1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. சிதறிக் கிடந்த குறிப்புகள் எவருக்கும் உதவவில்லை. ஆகவே 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றிற்று. அதன் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, கருவிகளையும் அளக்கும் முறையையும் நாடெங்கும் ஒருமைப்படுத்த முற்பட்டார். அடுத்த ஆண்டிலேயே தாது வருடப் பஞ்சம் வந்தது. நம் பாட்டன்மார் அதன் கொடுமையைச் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தனர். புதிய துறையாலும் அதை முன்கூட்டி அறிய இயலவில்லை.

1904-இல் அத்துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். இந்தியாவின் மழையை அறிய இந்தியாவை மட்டும் பார்த்தால் போதாது என்பது அவர் கருத்து. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துக் காற்றழுத்தம், தென்னமெரிக்காவின் குறிப்புகள், நைல் நதியின் வெள்ளம் ஆகிய அனைத்தையும் திரட்டினார். ஒன்றோடொன்றை ஒப்பிடும் கணக்கு மலைபோற் குவிந்தது. அதனைச் செய்தவர்கள் தாளும் பேனாவும் கொண்ட நம் நாட்டுக் கணக்கர்கள். கம்ப்யூட்டர் என்னும் சொல் அக்காலத்தில் பொறியைக் குறிக்கவில்லை. இருந்து கணக்கிடும் மனிதரையே குறித்தது! அவர்களிற் பெரும்பாலோர் பெயர் இன்று யார் நாவிலும் இல்லை. பசிபிக் கடற்புறத்தில் காற்றழுத்தம் உயரும்போது இந்துமாக்கடற்புறத்தில் தாழ்வதும், இது தாழ்ந்தால் அது உயர்வதுமான ஓர் ஊசலாட்டத்தை அவர்களுடைய எண்கள் காட்டின. 1924-இல் வாக்கர் அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவோடு அது பிணைந்தது என்பதை 1969-இல் பியர்க்னெஸ் என்னும் அறிஞர் விளக்கினார். வாக்கர் தேடியது இந்திய மழையை முன்னறியும் வழி. அது அவருக்கு முழுமையாகக் கைகூடவில்லை. ஆனால் உலக வானிலையின் திறவுகோல் ஒன்று கிடைத்தது.

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் பள்ளி முற்றத்தில் மழைமானி ஒன்றை நிறுத்தி, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மாணவர்களைக் குறிக்கச் செய்வதுண்டு. "ஐயா, மணியடித்த பிறகு ஒன்பது மணிக்குப் பார்த்தால் ஆகாதா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. நமக்கு எட்டரை மணியாகும்போது கிரீனிச்சில் மூன்று மணி. மூன்று மணிக்கொரு முறை உலகத்து வானிலை நிலையங்கள் ஒரே வேளையில் தம் கருவிகளைப் பார்க்கின்றன. வேளை பிசகினால் நம் எண் மற்ற எண்களோடு சேராது. இன்று இந்த வேலையைத் தானியங்கி மழைமானிகளும் செய்கின்றன. தராசுத் தட்டுப்போல் மாறி மாறிச் சாயும் இரு சிறு கிண்ணங்களே அவற்றின் உயிர். எத்தனை முறை சாய்ந்தது என்ற கணக்கை மின்கருவி அனுப்பிவிடுகிறது.

நிலத்தில் வளர்ந்த இவ்வொழுங்கு கடலில் வரக் காலம் பிடித்தது. 2004 டிசம்பர் 26-இல் சுமத்திராவுக்கு அருகே நில நடுக்கம் உண்டானபோது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ ஆறரை மணி. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும், அதனை அறிவிக்க இந்துமாக்கடலில் எச்சரிக்கை அமைப்பு இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக் கடல்மட்டமானி அலையைப் பதிவு செய்தது; பதிவு மட்டும் எவரையும் காக்குமோ? 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. இப்போது கடல்மட்டமானிகளும் ஆழ்கடற் கருவிகளும் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. ஆர்கோ என்னும் பன்னாட்டுத் திட்டத்தின் மிதவைகள் சுமார் 4,000 உலகக் கடல்களில் உலவுகின்றன. அவை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பத்து நாளுக்கொரு முறை மேலெழுந்து, நீரின் வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோள் வழியே அறிவிக்கின்றன. அக்கணக்கை எந்நாட்டுக் கல்லூரி மாணவரும் விலையின்றிப் பெறலாம். ஆற்றுநீர்க் கணக்கிலும் இத்தாராளம் வரவேண்டுமென்பது என் எண்ணம். அங்கே அண்டை அரசுகளுக்குள் ஏடுகள் இன்னும் பூட்டிய அலமாரியை விரும்புகின்றன.

இனி நம் ஊர்ப்புறத்துக்கு வருவோம். நாசரேத்தில் இரயிலேறினால் கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி கடந்து காயல்பட்டினம், அதன்பின் திருச்செந்தூர். 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாவட்டத்தில் ஆண்டு முழுதும் பெய்வது 65 சென்டிமீட்டர் அளவே. தாமிரபரணி கரைபுரண்டது, திருவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டி பயணிகளோடு நின்றுபோயிற்று. அதே நாளில் பக்கத்து ஊராகிய திருச்செந்தூரின் கணக்கு 69. இருபத்தாறு சென்டிமீட்டர் வேறுபாடு என்பது ஏக்கர் ஒன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர். திருச்செந்தூரில் மட்டும் மழைமானி இருந்திருந்தால் அவ்வளவு நீரும் ஏட்டில் ஏறாமலே கடலுக்குப் போயிருக்கும். கடம்பாகுளம் போன்ற நம் குளங்களின் கரை எவ்வளவு உயர வேண்டும், மறுகால் எவ்வளவு அகல வேண்டும் என்று இனிக் கணக்கிட அமரும் பொறியாளர், அந்த 95-ஐயும் சேர்த்தே கணக்கிட வேண்டியவராகிறார்.