அனந்தாழ்வான் நந்தவனத்தில் இல்லாத மலர்கள்

திருமலை நந்தவனங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அனந்தாழ்வானிடமிருந்தே தொடங்குவர். இராமானுசரின் சீடரான அவர், ஆசாரியரின் ஆணையை ஏற்றுத் திருவரங்கத்திலிருந்து மலைக்கு வந்து, பூந்தோட்டத்துக்கு நீர் வேண்டி ஏரி வெட்டினார் என்கிறது வைணவ மரபு. கருவுற்ற மனைவி மண் சுமந்ததும், உதவ வந்த சிறுவன்மேல் அவர் கடப்பாறையை எறிந்ததும் அம்மரபில் புகழ்பெற்ற செய்திகள். அக்கடப்பாறை எனச் சொல்லப்படுவது இன்றும் கோயில் மகாதுவாரத்தில் காட்டப்படுகிறது. கதையின் அற்புதத்தை நீக்கிவிட்டாலும் நீரும் உடலுழைப்பும் எஞ்சுகின்றன. மல்லிகையும் முல்லையும் பதியனிட்டு நீரூற்றி வளர்க்க வேண்டியவை. கோயிற் சாசனங்கள் நந்தவனத்துக்கு நிலமும், அதைப் பேணுவோருக்குச் சீவிதமும் ஒதுக்கியது இதனால்தான்.

திருப்பதி, சித்தூர் வட்டாரத்து வறண்ட சிற்றூர்களின் முற்றங்களிலோ வேறு மலர்களைக் காணலாம்: நித்தியகல்யாணி, வாடாமல்லி, துலுக்கச் செவ்வந்தி, அந்திமந்தாரை. இவற்றை எவரும் ஆண்டுதோறும் விதைப்பதில்லை; உதிர்ந்த விதை அடுத்த மழைக்குத் தானே முளைக்கிறது. நித்தியகல்யாணியின் மெல்லிய காய் வெடித்துச் சிதறும் கரிய விதை சுவர்ப்பிளவிலும் வேரூன்றும். அதன் கசப்பால் ஆடும் வாய் வைப்பதில்லை. அதன் தாயகம் மடகாசுகர். ஏனைய மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1492க்குப் பிந்தைய கடல்வழித் தொடர்பால் இங்கு வந்தவை. எனவே இராமானுசர் காலத்து நந்தவனத்தைத் துலுக்கச் செவ்வந்தியால் நிரப்பிக் காட்டுவது வெளிப்படையான காலவழு. (பக்திப் படங்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை.)

வந்த பின்னரும் இச்செடிகளைச் சாசனங்களில் தேடுவதில் பெரும்பயன் இராது. நிலமும் கூலியும் கேளாத செடியைக் கொடையாவணம் பதிவு செய்யத் தேவை எழவில்லை. ஆயினும் பெயர்கள் சாட்சி சொல்கின்றன. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குகின்றன. தெலுங்கர் நித்தியகல்யாணியைப் ‘பில்ல கன்னேறு’ என்பர். கன்னேறு என்பது அரளி. தமிழில் அதற்குச் ‘சுடுகாட்டு மல்லி’ என்றும் பெயருண்டு. செவ்வந்தி, மல்லி, மந்தாரை, அரளி எனப் பழகிய மலரின் பெயருக்கு முன் ஓர் அடையைச் சேர்த்தே புதுவரவுகளுக்குப் பெயரிட்டுள்ளனர்.

தானே விதைத்துப் பரவும் செடிகளில் துளசி மட்டும் இவ்வடைமொழி வரிசைக்குப் புறம்பானது. ஆழ்வார்கள் பாடிய ‘துழாய்’ அது. நனைந்ததும் அதன் விதையைச் சுற்றி வழவழப்பான உறை உண்டாகி மண்ணைப் பற்றிக்கொள்கிறது. வேங்கடவனுக்குச் சாத்தும் மாலையிலும், நீர்வசதியற்ற வீட்டின் முற்றத்திலும் இருப்பது அச்செடியே.