கடலுக்குள் ஒரு மருந்துக்கூடம் – 9: ஆறு தையல்காரர்கள்

சென்ற வாரம் இத்தாலியின் வல்கேனோ தீவில், கொதிக்கும் கடல் மணலில் கதையை நிறுத்தியிருந்தோம். அங்கே கிடைத்த பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் என்ற நுண்ணுயிரை கார்ல் ஸ்டெட்டரும் கெர்ஹார்ட் ஃபியாலாவும் 1986இல் உலகுக்கு அறிவித்தார்கள். டி.என்.ஏ.வை அதிகப் பிழையில்லாமல் படியெடுக்கும் அதன் நொதி இன்று பி.சி.ஆர். செய்யும் ஆய்வகங்களுக்குப் பழகிய சரக்கு. 100 டிகிரிச் சூடும் உப்பும் கொடுத்தால் அந்த நுண்ணுயிர் ஆய்வகப் பாத்திரத்தில் வளர்ந்துவிடும். கடலில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அப்படி வளைந்து கொடுப்பதில்லை. வளர மறுக்கும் உயிரிடமிருந்து நொதியை எப்படி வாங்குவது?

ரைன் நதிக்கரையில், பான் நகரில், பென்சீன் வளையத்துக்குப் பெயர்போன கெக்குலேயின் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் யோர்ன் பீலின் குழு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருந்தது தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்ற ஜப்பானியக் கடற்பஞ்சு. அதிலிருந்து பாலிதியோனமைடு என்ற கொடிய நஞ்சை ஜப்பானியர்கள் 1994இலேயே பிரித்துவிட்டார்கள். முழு அமைப்பு தெளிய 2005 ஆயிற்று. 2010இல் டோக்கியோவின் மசாயுகி இனோவே அதைச் செயற்கையாகவே செய்து காட்டினார். நூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டியிருந்தது. கடலில் அதே வேலையைச் செய்யும் நொதிகள் எவை?

சிக்கல் என்னவென்றால், அந்த நஞ்சில், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை அமினோ அமிலமும் வலக்கை அமினோ அமிலமும் மாறி மாறி வருகின்றன. உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் இடக்கையை மட்டுமே கோக்கும். எனவே இது ரைபோசோமின் வேலையே அல்ல என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

பான் குழு நேரெதிராக யோசித்தது. முதலில் ஒரு சாதாரணப் புரதம் உருவாகி, பிறகு யாராவது அதைத் திருத்தியிருந்தால்? திருத்தங்களையெல்லாம் மனக்கணக்காகக் கழித்து, ஆதிப் புரதம் இப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். அந்த ஊகத்தைத் தூண்டிலாக்கி, பஞ்சுக்குள் குடியிருக்கும் அத்தனை நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.விலும் மொத்தமாகத் தேடினார்கள். துணிச்சல்தான், குருட்டுத் துணிச்சல் என்றும் சொல்லலாம்.

மீன் சிக்கியது. ஆதிப் புரதத்தின் மரபணு கிடைத்தது; பக்கத்திலேயே திருத்தும் நொதிகளின் மரபணுக்களும் இருந்தன. 2012இல் சயின்ஸ் இதழில் அவர்கள் போட்ட கணக்கு: திருத்தங்கள் 48, அவற்றைச் செய்யும் நொதிகள் ஆறே ஆறு! அவற்றில் ஒன்றை எடுத்து, ஆய்வகத்தில் சொன்னபடி கேட்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அந்த ஒரே நொதி பல இடங்களில் இடக்கையை வலக்கையாக்கியது. இனி நொதிக்காகக் கடலில் குதிக்க வேண்டியதில்லை, மரபணு போதும். மருத்துவப் பரிசோதனைக்கான நொதிகள் பலவும் இன்று இப்படித்தான், வேறொரு பாக்டீரியாவின் உடலில், தயாராகின்றன.

ஆனால் அந்த மரபணுக்கள் யாருடையவை? எழுதப்பட்ட முறையைப் பார்த்தால் பாக்டீரியாவின் கைவேலை. எந்த பாக்டீரியா? ஒரு பஞ்சுக்குள் எண்ணற்ற இனங்கள் வாழ்கின்றன. அந்தக் கூட்டத்தில், புற ஊதா ஒளி பட்டதும் தானாகவே ஒளிரும் இழை போன்ற ஒன்று இருந்தது. மரபணுக்களின் சொந்தக்காரர் அதுதான். அதன் பெயர் 2014இல் நேச்சர் இதழில் வந்தபோது, அது ஒரு நஞ்சோடு நிற்கவில்லை என்பதும் தெரிந்தது.

அதன் கையில் இன்னும் என்னென்ன இருந்தன? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)