பாலை: வரைபடத்தில் இல்லாத நிலமும் அதன் மக்களும்

பதுளையில் உயர்தரத் தமிழ் படித்தபோது ஆசிரியர் ஐந்திணை அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு நிலத்துக்கும் உதாரணம் கேட்டார். குறிஞ்சிக்கு யன்னலுக்கு வெளியே நமுனுகுல மலை நின்றது. பாலைக்கு எங்களில் எவரிடமும் பதில் இருக்கவில்லை. பல வருடங்கள் கழித்துச் சங்கப் பாடல்களை மீண்டும் வாசித்தபோதுதான் அந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தேன்.

நிலம்

தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கே நிலம் வகுக்கிறது. பாலைக்குத் தனி நிலம் இல்லை. அதற்குரிய பொழுது நண்பகல். பருவம் வேனிலும் பின்பனியும். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலையாகும் என்று விளக்குவது சிலப்பதிகாரம்.

ஆனாலும் புலவர்கள் அதிகம் பாடியது இந்த நிலத்தைத்தான். அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலைத்திணை. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்ற சேரர் இதைப் பாடியே பெயர் பெற்றார். பெண் யானையின் பசிக்கு ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும் காட்சி குறுந்தொகையில் உள்ள அவர் பாடலில் வருகிறது. கள்ளி, ஓமை, இருப்பை, வற்றிய கிணறு, பருந்து, கழுகு, செந்நாய் ஆகியவை இந்நிலத்தின் அடையாளங்கள்.

மக்கள்

இங்கு வாழ்வோர் எயினரும் மறவரும். தெய்வம் கொற்றவை, பறை துடி. விளைச்சல் இல்லாத நிலத்தில் வழிப்பறியே தொழில். இவர்களைவிட அதிகம் காணப்படுவோர் கடந்து செல்பவர்கள்: உப்பு வண்டியோடு போகும் உமணர், பொருள் தேடிப் பிரியும் கணவன், உடன்போக்கில் செல்லும் இளம் சோடி, மகளைத் தேடி வரும் செவிலித்தாய். வழி நெடுகிலும் நடுகற்கள். ஆநிரை மீட்கப் போராடி வீழ்ந்தவரின் பெயரும் புகழும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும்.

பாலையின் உரிப்பொருள் பிரிவு.

ஊவாவில் பாலை

தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாவுக்குள் வறண்டு இறங்குகிறது. இதைத்தான் கச்சான் என்கிறோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கு இந்தக் காற்றே காரணம். அப்போது கொழுந்து குறையும். வேலை நாளும் குறையும்.

வெயிலால் மட்டும் நிலம் இயல்பு கெடுவதில்லை. இன்றைய மொனராகலைப் பக்கம் உள்ள வெல்லஸ்ஸ என்ற பெயருக்கு நூறாயிரம் வயல்கள் என்று பொருள் சொல்வார்கள். 1817-1818 கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படை அங்கு வயல்களையும் குளங்களையும் கால்நடைகளையும் அழித்தது.

எங்கள் முன்னோரோ பஞ்சத்தில் ஊரைவிட்டு, கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்கள். பசியிலும் நோயிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல் நடப்படவில்லை. 1948 இல் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே லயத்தில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். உறவுகளைக் கோச்சியில் ஏற்றிவிட்டு அழுத கதையை அம்மாயி சாகும்வரை சொன்னார்.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் பாதுகாப்புத் தேடி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. என் சின்னம்மா குடும்பமும் அவற்றில் ஒன்று. காடு வெட்டி, கிணறு தோண்டி, தென்னை வைத்தார்கள். 2009 மே மாதத்துக்குப் பின் அவருடைய மூத்த மகன் திரும்பவில்லை.

போன கச்சான் காலத்தில் சின்னம்மா பதுளைக்கு வந்திருந்தார். இந்தக் கட்டுரைக்காக நான் எடுத்த குறிப்புகளை வாசித்துக் காட்டினேன். நடுகல் பற்றிய பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"பேரு எழுதியா வைப்பாங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். கைப்பையிலிருந்து மகனின் பாடசாலைப் படத்தையும், மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். பற்றுச்சீட்டில் அவன் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தது.