தொண்டுக்கு எத்தனை மணி நேரம்?

1973 ஜூலை 31. ஸ்பெயினின் வலென்சியா நகரில் ஒரு பழைய மாணவர் மாநாடு. ஐரோப்பாவின் இயேசு சபைப் பள்ளிகளில் படித்தவர்கள் கூடியிருக்கிறார்கள். பழைய மாணவர் கூட்டம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பழைய வாத்தியார் ஒருத்தர் மேடையேறி "நீங்கல்லாம்தான் எங்க பெருமை" என்பார், கைதட்டுவோம், பிறகு சாப்பாடு. அன்று சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் திருநாள் வேறு. மேடையேறியவரோ சபையின் உலகத் தலைவர் பேத்ரோ அருப்பே. நீதிக்காக வாழும்படி உங்களை நாங்கள் வளர்த்தோமா என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார்: இல்லை.

ஃபிராங்கோ இன்னும் ஆட்சியில் இருந்த ஸ்பெயின் அது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வசதியானவர்கள் நிறைய. தாங்கள் படித்த படிப்பையே குறை சொன்னதாகச் சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் அருப்பே சும்மா பேசிவிட்டுப் போகிற ஆள் இல்லை. மருத்துவம் படித்துவிட்டுத் துறவியானவர். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் புறநகரில் இருந்தார். குண்டு விழுந்ததும் சபையின் பயிற்சி இல்லத்தையே ஆஸ்பத்திரி ஆக்கி, வெந்துபோனவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் வலென்சியாவில் வைத்த இலக்கு 'பிறருக்கான மனிதர்கள்'. பெண்களையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பின்னால் வந்தது. இன்று அமெரிக்காவில் ஏதாவது ஓர் இயேசு சபை உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தால் அந்த வரி சுவரில் இருக்கும்.

சுவரில் இருப்பது சரி. அதே வரி அலுவலகத்துக்குள் போனால் ஒரு படிவமாகிறது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பட்டயம் வாங்க இத்தனை ஆண்டு ஆங்கிலம், இத்தனை ஆண்டு கணிதம், அறிவியல், வேற்றுமொழி என்று கணக்கு உண்டு. இறையியல் பெரும்பாலும் நாலு வருஷமும் கட்டாயம். இதோடு சர்வீஸ் ஹவர்ஸ். முதியோர் இல்லத்திலோ இலவச உணவுக்கூடத்திலோ வேலை செய்து, அங்கிருக்கும் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். எத்தனை மணி என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். குறைந்தால் பட்டயம் நிற்கும்.

தொண்டை மணிக்கணக்கில் அளக்கலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? இதைத் தேடிப் போனபோது முதலில் படிப்பை மணிக்கணக்கில் அளந்த கதைதான் கிடைத்தது.

இயேசு சபையின் பாடத்திட்ட விதிநூல் 1599இல் முடிவான வடிவம் பெற்றது. இலக்கணம், இலக்கியம், பேச்சுக்கலை என்று படிப்படியாக ஏற வேண்டும். கேள்வி, பையன் லத்தீனில் எந்த இடத்துக்கு வந்திருக்கிறான் என்பதுதான். தொண்டு அப்போதும் இருந்தது. 1563இல் ரோமின் சபைக் கல்லூரியில் ஜான் லூனிஸ் என்ற இளம் ஆசிரியர் தொடங்கிய மரியாயின் சபை அதற்கான இடம். ஏழைகளையும் நோயாளிகளையும் பார்க்கப் போவது இப்படிப்பட்ட சபைகளின் வழக்கம். ஆனால் சேர்வது மாணவர் விருப்பம். வகுப்பில் எல்லாரும் இருப்பார்கள், சபையில் சிலர் இருப்பார்கள்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் அடி வாங்கியது. அங்கே உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் சேர்ந்து ஒரே ஏழாண்டுப் படிப்பாகச் சபை நடத்திவந்தது. 1899இல் ஹார்வர்டின் தலைவர் சார்ல்ஸ் எலியட், நூற்றாண்டுகளாக மாறாத பாடத்திட்டத்துக்கு உதாரணமாக இயேசு சபைக் கல்லூரிகளைக் காட்டி அட்லாண்டிக் இதழில் எழுதினார். பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த அருட்தந்தை திமொத்தி பிராஸ்னஹன் எழுதிய மறுப்பை அதே இதழ் போட மறுத்துவிட்டது. (எடிட்டர்கள் எந்தக் காலத்திலும் எடிட்டர்கள்தான்.)

அடுத்த அடி பணத்தின் வழியாக வந்தது. 1905இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். எது கல்லூரி, எது பள்ளி என்று பிரித்தால்தானே ஓய்வூதியம் கொடுக்க முடியும்? அறக்கட்டளை ஓர் அளவுகோல் செய்தது. ஒரு பாடத்தில் ஓராண்டுக்கு 120 மணி நேரம் உட்கார்ந்தால் ஓர் அலகு. 14 அலகு இருந்தால் கல்லூரிக்குப் போகலாம். இதில் ஒரு வேடிக்கை. சமயப் பிரிவுகளின் கட்டுப்பாட்டிலிருந்த கல்லூரிகளுக்கு அந்த ஓய்வூதியமே கிடையாது. கத்தோலிக்கர்களுக்கு ஒரு சல்லிக்காசு வரவில்லை, அளவுகோல் மட்டும் வந்து சேர்ந்தது. ஏழாண்டுப் படிப்பை உடைத்து நாலாண்டு உயர்நிலைப் பள்ளி, நாலாண்டு கல்லூரி என்று ஆக்கினார்கள்.

120 என்றதும் எனக்கு நம் என்.எஸ்.எஸ். ஞாபகம் வந்தது. 1969இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம், ஆண்டுக்கு 120 மணி நேரம். எங்கள் முகாமில் நாங்கள் ஒரு குளக்கரையில் முள் வெட்டினோம். வெட்டியதைவிட வருகைப் பதிவேட்டைத் துரத்தியதுதான் அதிகம். இரண்டு 120க்கும் உறவு இருப்பதாகச் சொல்ல வரவில்லை.

கத்தோலிக்கப் பள்ளியில் தொண்டு ஏன் ரொம்ப காலம் விதியாகவில்லை? எனக்குத் தோன்றுவது இது. அங்கே தொண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள், ஒவ்வொரு பங்கிலும் இரண்டு ஆண்டுக்குள் பள்ளி வேண்டும் என்றார்கள். அத்தனை பள்ளிகளையும் நடத்தியது அருட்சகோதரிகள், சம்பளம் என்று சொல்லக் கூசும் தொகைக்கு. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,80,000 சகோதரிகள் இருந்தார்கள், கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படித்தார்கள். இன்று பிள்ளைகள் 20 லட்சத்துக்கும் கீழே. சகோதரிகள் குறையக் குறைய, குடும்பம் நடத்த வேண்டிய ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும், அதற்குக் கட்டணம் ஏற வேண்டும். குடியேறிய தொழிலாளியின் பிள்ளைக்காகக் கட்டிய பள்ளிகள் பல இடங்களில் காசுள்ளவர்களின் பள்ளியாயின. அருப்பேயின் கேள்வி வந்த நேரமும் இதுதான். சிஸ்டர் வாழ்நாள் முழுக்கக் கொடுத்ததைப் பையன் மணிக்கணக்கில் கொடுக்கத் தொடங்கினான். கிண்டலாகச் சொல்லவில்லை. அதாவது இருக்கிறதே என்றும் நினைக்கலாம்.

கட்டாயத் தொண்டு அரசுப் பள்ளிகளுக்கும் பரவியபோது வழக்கு வந்தது. 1992இல் மேரிலாந்து, மாநிலம் முழுக்க 75 மணி நேரம் என்று விதி செய்தது. பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரப் பள்ளிகளில் 60 மணி நேரம். அங்கே பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். இது அடிமை முறையை ஒழித்த 13ஆம் சட்டத்திருத்தத்துக்கு எதிரானது என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏற்காததுதான் சரி. ஒரு பதினேழு வயதுப் பையன் நூலகத்தில் புத்தகம் அடுக்குவதை அடிமைத்தனம் என்பது ரொம்ப ஓவர்.

ஆனால் அந்தச் சொல்லை இயேசு சபைப் பள்ளிகள் அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. மேரிலாந்தில் சபைக்குத் தோட்டங்கள் இருந்தன, தோட்டங்களில் அடிமைகள் இருந்தார்கள். 1838இல் 272 பேரை, குழந்தைகளும் அதில் அடக்கம், 1,15,000 டாலருக்கு லூசியானாத் தோட்டக்காரர்களிடம் விற்க ஒப்பந்தம் போட்டார்கள். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தக் கூடாது என்பவை ரோமிலிருந்து சபைத் தலைவர் விதித்த நிபந்தனைகளில் சில. குடும்பங்கள் பிரிந்தன. பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்குப் போனது. அருப்பே வலென்சியாவில் சொன்ன 'இல்லை'யை இந்தக் கணக்கோடு சேர்த்து வாசித்தால், அது பாடத்திட்டத்தைப் பற்றியது மட்டுமாக இருக்காது.

1996இல் சிகாகோவின் பில்சன் பகுதியில், மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்கள் வாழும் இடத்தில், சபை கிறிஸ்தோ ரே என்ற உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. கட்டணம் கட்ட முடியாத வீடுகள். என்ன செய்வது? நாலு மாணவர்கள் சேர்ந்து ஓர் அலுவலக வேலையைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கு மாதம் ஐந்து நாள். வக்கீல் அலுவலகத்திலோ வங்கியிலோ கோப்பு அடுக்குவார்கள், தட்டச்சு செய்வார்கள். சம்பளம் பள்ளிக்குப் போய்க் கட்டணத்தில் கழிகிறது. இப்போது அதே முறையில் 30க்கும் மேற்பட்ட பள்ளிகள்.

வசதியான பள்ளியின் பையன் உணவுக்கூடத்தில் சம்பளமில்லாமல் சூப் ஊற்றுகிறான், அது அவன் பட்டயத்துக்கு. பில்சன் பெண் வக்கீல் அலுவலகத்தில் காகிதம் அடுக்குகிறாள், அது அவள் கட்டணத்துக்கு. இரண்டு பள்ளியிலும் சுவரில் ஒரே வரி. இரண்டு பேரின் நேரத்துக்கும் பெரியவர் ஒருவர் பொறுப்பாளராக இருந்து கணக்கு சொல்ல வேண்டும்.