அல்லிக்கும் பவளக்கொடிக்கும் என்ன சண்டை?

ஆபீசில் மேலதிகாரியாக ஒரு பெண் வந்தால், வீட்டில் பாட்டியின் சொல் எடுபட்டால், ஊராட்சித் தலைவி கணவரைக் கேட்காமல் கையெழுத்துப் போட ஆரம்பித்தால், யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்லிவிடுவார்: "அங்க அல்லி ராஜ்யம்தான்!" சொல்கிறவருக்கும் சிரிப்பு, கேட்கிறவருக்கும் சிரிப்பு. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். அல்லி ராஜ்யத்தில் அப்படி என்னதான் கெட்டுப்போனது? பஞ்சம் வந்ததா? திருட்டு பெருகியதா? எதிரி கோட்டைக்குள் புகுந்தானா?

கதையைப் படித்துப் பார்த்தால் ஒன்றுமே கெட்டுப்போகவில்லை. ஒரே ஒரு எதிரிதான் உள்ளே புகுந்தான். அவன் பெயர் அர்ச்சுனன்.

'அல்லி அரசாணி மாலை' பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் தலைமுறை தலைமுறையாக விற்ற கதை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வசதியாக எழுத்தைப் பெரிதாக அச்சடித்ததால் அந்தப் பெயர். அட்டையில் புகழேந்திப் புலவர் பெயர் இருக்கும். ஆனால் நளவெண்பா பாடிய புகழேந்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் முடிவு. மொழியே காட்டிக்கொடுத்துவிடும். இது வாய்விட்டுப் பாடவும் கூட்டமாக உட்கார்ந்து கேட்கவும் எழுதப்பட்ட பாட்டு.

கதை இதுதான். மதுரைப் பாண்டியனுக்குப் பிள்ளையில்லை. தவம் கிடந்து, அல்லி மலரில் ஒரு பெண் குழந்தையைப் பெறுகிறான். குழந்தை வளர்ந்து வாள் பிடிக்கிறாள். நாட்டைப் பறித்து வைத்திருந்த நீண்முகனைப் போரில் கொன்றுவிட்டு அரியணையில் ஏறுகிறாள். அமைச்சர் பெண், காவல் பெண், படை பெண். ஆண்களின் நிழலே அரண்மனையில் படக் கூடாது. தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் இவளைப் பற்றிக் கேள்விப்படுகிறான். அவ்வளவுதான், சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. காண்டீபம் ஏந்திய மகாவீரன் வேஷம் போட்டுப் போட்டு அல்லியை நெருங்கப் பார்த்து அவமானப்படுகிற பகுதிகள்தான் கதையின் செம காமெடி. கடைசியில் கண்ணன் கைகொடுக்கிறான். கண்ணன் பாம்பாட்டி, அர்ச்சுனன் பாம்பு. பாம்பின் அழகில் மயங்கி அல்லி அதை உள்ளே விடுகிறாள். இரவில் பாம்பு மனிதனாகிறது. தூங்குகிறவள் கழுத்தில் தாலி ஏறுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். திருவிழாக் கூட்டம் சிரித்த இடம் இது. ஆனால் நடந்தது என்ன? நேருக்கு நேர் நின்றால் ஜெயிக்க முடியாத ஒருத்தியைத் தூக்கத்தில் வென்றிருக்கிறார்கள். பாட்டைக் கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் கண் விழித்த அல்லி வெட்கப்பட்டுத் தலைகுனிவதில்லை. கோபத்தில் கொதிக்கிறாள், படையைக் கூட்டுகிறாள், பாண்டவர்களோடு மோதுகிறாள். அவளை வழிக்குக் கொண்டுவர மறுபடியும் கண்ணனின் தந்திரம் தேவைப்படுகிறது. வீரத்தால் அவளைத் தோற்கடித்ததாகச் சொல்ல இந்தக் கதைக்கே மனசு வரவில்லை என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த பாகம் 'பவளக்கொடி மாலை'. அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் வேண்டும் என்று அழுகிறான். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புகிறாள் அல்லி. பிள்ளைக்குப் பொம்மை வாங்கப் போன அர்ச்சுனன், பவளம் விளையும் நாட்டின் அரசி பவளக்கொடியைப் பார்க்கிறான். பிறகென்ன, பழைய குருடி கதவைத் திறடி! மறுபடியும் காதல், மறுபடியும் கண்ணன், மறுபடியும் கல்யாணம். சேதி மதுரைக்கு வர அல்லி சீறுகிறாள். மேடைக்கு மேடை விவரம் மாறும். ஆனால் முடிவில் கண்ணன் நடுவில் நின்று சமாதானம் செய்வதும், வாள் பிடித்த அரசிகள் அக்கா தங்கையாக ஒரே குடும்பத்தில் அடங்குவதும் மாறாது.

இரண்டு அரசிகளுக்கும் தனித்தனியாக நாடு இருக்கிறது. ஒருத்தி நாட்டை இன்னொருத்தி கேட்கவில்லை. அர்ச்சுனன் வராமல் இருந்திருந்தால் இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள், அல்லது முத்துக்கும் பவளத்துக்கும் வியாபாரம் பேசி நட்பாகியிருப்பார்கள். அண்ணன் தம்பி அரியணைக்கு அடித்துக்கொண்டால் நாம் அதை வரலாறு என்று படிக்கிறோம். 1310இல் குலசேகர பாண்டியனுக்குப் பிறகு சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதியதைப் பாடப்புத்தகத்தில் போடுகிறோம். ஆனால் கதையில் இரண்டு அரசிகள் மோதினால் அரியணை மெதுவாகக் காணாமல் போய்விடுகிறது. அந்த இடத்தில் ஒரு புருஷன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். போர் சக்களத்திச் சண்டையாகிவிடுகிறது. சிரிப்பு அந்த மாற்றத்தை மூடி மறைக்கிறது.

இது வெறும் கற்பனை நாடு என்றும் தள்ளிவிட முடியாது. ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியாவில் பெண்களால் ஆளப்படும் ஒரே இனம் என்று பாண்டியர்களைக் குறிப்பிடுகிறார். மெகஸ்தனிஸ் வழியாக வந்த கிரேக்கக் கதையிலும், ஹெராக்ளிஸின் மகள் பண்டாயா தென்னாட்டை ஆண்டாள். மதுரைத் தலபுராணத்தில் தடாதகைப் பிராட்டி முடிசூடித் திக்விஜயம் போகிறாள். வியாச பாரதத்தில் மணலூர் இளவரசி சித்திராங்கதையை அர்ச்சுனன் மணக்க வேண்டுமென்றால், பிறக்கும் மகன் தாய்வழித் தாத்தாவின் வாரிசாக வேண்டும் என்பது நிபந்தனை. வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாகவே பாடுகிறார். அல்லி இந்தச் சித்திராங்கதையின் நாட்டுப்புறத் தங்கை. அர்ச்சுனன் சில காலம் இருந்துவிட்டுக் கிளம்பிப் போவான், நாடு அவள் பக்கத்திலேயே இருக்கும். 1689 முதல் மதுரை நாயக்க அரசைப் பேரனுக்காக ஆண்ட ராணி மங்கம்மாளையும் சேர்த்துக்கொண்டால், மதுரைக்காரர்களுக்குப் பெண் ஆட்சி என்பது அதிசயமே இல்லை என்று புரியும்.

சரி, இந்த அரசிகள் சென்னைக்கு எப்படி வந்தார்கள்? நாடக மேடை வழியாக. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'பவளக்கொடி' ஊர் ஊராக ஓடியது. அந்த மேடையில் அர்ச்சுனனாகப் பாடிய எம்.கே. தியாகராஜ பாகவதரும், பவளக்கொடியாக நடித்த எஸ்.டி. சுப்புலட்சுமியும் 1934இல் அதே கதையோடு சினிமாவுக்கு வந்தார்கள். இருவருக்கும் முதல் படம். இயக்குநர் கே. சுப்ரமணியத்துக்கும் அதுவே முதல் படம். படப்பிடிப்பு அடையாற்றில் மீனாட்சி சினிடோனில். கூரை போட்ட தளம் கிடையாது, சூரிய வெளிச்சம்தான் லைட். வசனத்தையும் பாட்டையும் அங்கேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். நடுவில் காக்கா கத்தினால் போச்சு! அடையாற்றுக் காக்கைகளை விரட்டத் துப்பாக்கியோடு ஒரு ஆளையே சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்பது சினிமா வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. அர்ச்சுனன் காதல் பாட, பின்னால் ஒருவர் காக்காய்க்குக் குறிவைத்து நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அல்லிக்கதையின் நகைச்சுவைக்கு அது பொருத்தமான பின்குறிப்பு.

பாட்டுகள் சுமார் ஐம்பது. எழுதி இசையமைத்தவர் பாபநாசம் சிவன். 1930இலிருந்து சென்னைவாசி, மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போனவர். கபாலீஸ்வரரையும் கற்பகாம்பாளையும் பாடிய அதே கைதான் அர்ச்சுனனின் விரகத்தையும் எழுதியது.

ஐந்து வருஷம் கழித்து, 1939இல், இதே மூன்று பேர் மறுபடியும் சேர்ந்தார்கள். சுப்ரமணியம் இயக்கம், சுப்புலட்சுமி கதாநாயகி, பாபநாசம் சிவன் இந்த முறை கேமராவுக்கு முன்னால், அவளுடைய அப்பா சம்பு சாஸ்திரியாக. படம் 'தியாகபூமி', கதை கல்கி. கணவனால் விரட்டப்பட்ட சாவித்திரி, பெரும் சொத்துக்காரி உமாராணியாகத் திரும்பி வருகிறாள். இப்போது புருஷனுக்கு அவள் வேண்டும், வழக்குப் போடுகிறான். அவனோடு வாழ மாட்டேன், வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் அவனுக்குத் தருகிறேன் என்று கோர்ட்டில் சொல்கிறாள். பிரிட்டிஷ் அரசு பிறகு இந்தப் படத்தைத் தடை செய்தது. அதற்குக் காரணம் படத்தின் தேசிய அரசியல். ஆனால் ஜீவனாம்சம் என்ற அந்த ஒரு சொல் வீடுகளுக்குள் போட்ட குண்டும் சின்னதில்லை.

பவளக்கொடியையும் உமாராணியையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முகம் ஒன்றுதான். 1934இல் அவள் தந்திரத்தில் மயங்கிக் கழுத்தை நீட்டுகிறாள். 1939இல் கழுத்தில் தாலி இருந்தும் தன் நாட்டைத் தானே ஆள்கிறாள். கையில் வாள் இல்லை, வக்கீல் இருக்கிறார். தூக்கத்தில் தாலி கட்டப்பட்ட அல்லி விடிந்ததும் கேட்ட நியாயம் கடைசியில் ஒரு நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது என்று நான் இதைப் படிக்கிறேன். காந்தியம், பெண்கல்வி, சொத்துரிமைப் பேச்சு எல்லாம் அந்த ஐந்து வருஷத்துக்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தவைதான். ஆனாலும் அதே முகம், அதே குரல் வழியாக வந்தபோது ஜனங்களுக்கு அது சட்டென்று புரிந்திருக்கும்.

அடையாற்றிலிருந்து தி. நகர் வருவோம். 1949இல் 'பவளக்கொடி' மறுபடியும் படமானது. டி.ஆர். மகாலிங்கம் அர்ச்சுனன், டி.ஆர். ராஜகுமாரி பவளக்கொடி. அதற்கு முந்தின வருஷம்தான் ராஜகுமாரி ஜெமினியின் 'சந்திரலேகா'வில் நடித்திருந்தார். அந்தப் படத்தில் அண்ணனும் தம்பியும் அரியணைக்கு அடித்துக்கொள்கிறார்கள். முரசுகளுக்குள் வீரர்களை ஒளித்து வைத்து, மேலே நடனம் ஆடி, கோட்டையை உள்ளிருந்தே உடைக்கிறது கதாநாயகியின் பக்கம். பாம்பாக வந்து அர்ச்சுனன் அல்லிக்குச் செய்த அதே தந்திரம்! இந்த முறை அது பெண்ணின் கையில் இருக்கிறது. ஆனாலும் கடைசியில் சிம்மாசனத்தில் உட்கார்வது இளவரசன்தான். அதற்கடுத்த வருஷம் பவளக்கொடியாகி, இன்னொரு அரசியோடு ஒரு புருஷனைப் பங்குபோட வேண்டியிருந்தது. இரண்டு படங்களையும் வரிசையாகப் பார்த்தால் அண்ணன் தம்பி சண்டைக்கும் அக்கா தங்கை சண்டைக்கும் நாம் வைத்திருக்கும் வேறு வேறு தராசு தெரிந்துவிடும்.

ராஜகுமாரி திரைக்கு வெளியே வேறு கணக்கு வைத்திருந்தார். பாண்டி பஜாரில் அவர் பெயரிலேயே 'ராஜகுமாரி' தியேட்டர் எழுந்தது. சொந்தமாகத் தியேட்டர் வைத்திருந்த முதல் தமிழ் நடிகை அவர். தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு ஆர்.ஆர். பிக்சர்ஸ் நடத்தினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அவர்கள் கம்பெனி படம். தியேட்டர் இன்று இல்லை. தி. நகர் விற்பனைக் கூட்டத்துக்குள் அது கரைந்துவிட்டது. ஆனால் டிக்கெட் கவுண்டர் வருமானம் தன் பெயரில் வந்த ஒரு பவளக்கொடி பாண்டி பஜாரில் வாழ்ந்தார் என்பது, அல்லிக்கதை சொல்லாமல் விட்ட முடிவு.

மீனாட்சி சினிடோன் இருந்த இடம் பிறகு நெப்டியூன் ஸ்டூடியோ ஆனது. அதன்பின் எம்.ஜி.ஆர். கைக்கு வந்து, அவருடைய அம்மா சத்யபாமாவின் நினைவாக சத்யா ஸ்டூடியோ ஆனது. இப்போது அங்கே எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரி இருக்கிறது. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பெண்களின் ராஜ்யத்தைக் காதல் வேஷத்தில் வீழ்த்திய அர்ச்சுனனைப் படம்பிடித்த மண்ணில், வாசலில் காவலோடு, பெண்கள் மட்டும் படிக்கிற ஒரு வளாகம் நிற்கிறது. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே போகிறவர்களில் பலருக்கு அல்லி பெயரே தெரியாமல் இருக்கலாம். தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தூங்கும்போது யாரும் முடிவெடுத்துவிடாத ஒரு வாழ்க்கை கிடைத்தால் போதும்.

மற்றபடி, அடுத்த முறை யாராவது "அல்லி ராஜ்யம்" என்று சிரித்தால், கதையை முழுசாகச் சொல்லிவிடுங்கள். அந்த ராஜ்யத்தில் நிர்வாகம் நன்றாகத்தான் நடந்தது. பாம்பை உள்ளே விட்டதுதான் பிரச்சினை.